ஜப்பானியச் சொற்கள்: அன்றும் இன்றும்



சில திங்களுக்கு முன்னர், இடைவேளை நேரத்தில் நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் ஓரமாக நடந்து சென்றேன். ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் விளையாட்டாகச் சண்டையிட்டுக் கொண்டிருந்தனர். ஒருவன் மற்றவனைப் பார்த்து, "பக்க!" என்று கூவினான். மற்றவன் சிரித்துக்கொண்டே அதே சொல்லைத் திருப்பிக் கூறினான். "தம்பி, இச்சொல்லை எங்கே கற்றாய்?" என்று வினவினேன். "சார், அனிமே படத்தில் வரும். ஜப்பான் மொழி, சார்!" என்று பெருமிதத்தோடு விடையிறுத்தான்.

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் பாட்டனாரின் வாயிலிருந்து. கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர் அவர். லயத்துத் திண்ணையில் அமர்ந்து 'ஜப்பான்காரன் காலத்து'க் கதைகளைச் சொல்லும்போது, அச்சொல்லைக் கூறிவிட்டுத் தம் இடக்கன்னத்தைத் தடவிக்கொள்வார். அவருக்கு அச்சொல் ஓர் அறையோடு சேர்ந்து வந்தது. பேரப்பிள்ளைகளுக்கோ அது ஒரு சித்திரக் கதையோடு சேர்ந்து வந்திருக்கிறது.

ஒரே மொழியின் சொற்கள் இரு தலைமுறையினரிடம் இருவேறு வழிகளில் வந்து சேர்ந்த வரலாற்றை எடுத்துரைப்பதும், நம் பிள்ளைகள் ஆவலோடு கற்கும் அன்றாட ஜப்பானியச் சொற்களைப் பொருள் அறிந்து கற்க உதவுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அன்று வந்த சொற்கள்

1941ஆம் ஆண்டு திசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 1942 சனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் பணிந்தது. அதன் பெயரும் 'ஷோனான்' என மாற்றப்பட்டது. அக்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய நம் போர்ட் கிள்ளானும் அவ்வாட்சியின் கீழ் வந்தது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. ஜப்பானிய முறைப்படி 1942ஆம் ஆண்டு 2602 என எண்ணப்பட்டது. வாழைமரப் படம் அச்சிட்ட பணத்தாள்கள் புழங்கின. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

அந்நாளில் நம் முன்னோர் கற்ற ஜப்பானியச் சொற்கள் சிலவே. அவையும் பெரும்பாலும் கட்டளைகளே. 'கெய்ரெய்' என்றால் வணக்கம் செலுத்து என்பது பொருள். காவல் நிற்கும் சிப்பாயைக் கடக்கும்போது தலை தாழ்த்தாதவர் அடிபட்டனர். 'பங்கோ' என்றால் எண்; வரிசையில் நின்று ஒவ்வொருவரும், "இச்சி, நி, ஸன், ஷி, கொ" என்று தம் எண்ணைக் கூற வேண்டும். 'கொர' என்பது அதட்டும் விளி. 'பக்கயரோ' என்பது மூடனே என்னும் வசை. நம் முதியோர் வாயில் அது 'பக்கேரோ' எனத் திரிந்து வழங்கிற்று.

இவற்றினும் கொடிய ஒரு சொல் உண்டு. அதுதான் 'ரோமுஷ' என்பது. அதன் நேர்ப்பொருள் 'உடலுழைப்புத் தொழிலாளி' என்பதேயாகும். சொல்லில் குற்றமில்லை, அச்சொல்லால் அழைக்கப்பட்டோர் நடத்தப்பட்ட முறையே குற்றமுடையது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை ஜப்பானியப் படை 1942இல் அமைக்கத் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அவ்வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழரே. நல்ல கூலி என்னும் ஆசை வார்த்தையை நம்பிச் சென்றோரும் உண்டு. பிடித்து ஏற்றப்பட்டோரும் உண்டு. வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தன. போர்க்கைதிகளாயிருந்த வெள்ளையருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவருள் மிகப் பலருக்கு அதுவும் இல்லை. நம் மக்கள் அதனைச் 'சயாம் மரண ரயில்' என்றே வழங்குகின்றனர்.

1945 ஆகத்து 15இல் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 9ஆம் நாள் நம் கடற்கரைக்குத் தெற்கேயுள்ள மோரிப்பில் பிரித்தானியப் படைகள் வந்திறங்கின. ஆட்சி மாறிற்று. சொற்கள் மட்டும் முதியோர் நினைவில் தங்கிவிட்டன.

இன்று வரும் சொற்கள்

காலம் ஒரே நிலையில் நிற்பதில்லை. 1982ஆம் ஆண்டில் பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் கற்றுவர நம் நாட்டு இளைஞர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கென மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆயத்த வகுப்புகள் தொடங்கப்பட்டன. 1984 முதல் உறைவிட இடைநிலைப் பள்ளிகள் சிலவற்றில் ஜப்பானிய மொழி பாடமாக வந்தது. நமக்கு அண்மையிலுள்ள ஷா ஆலமில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் எழுந்தன.

பின்னர் வந்தவை சித்திரப்படங்கள். 'அனிமேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர் சுருக்கி 'அனிமே' என்றனர். தெசுகா ஒசாமு படைத்த 'ஆஸ்ட்ரோ பாய்' 1963இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. 1969இன் இறுதியில் சித்திரக் கதையாகப் பிறந்த 'டோரேமோன்' என்னும் நீலப் பூனை, பின்னாளில் மலாய் பேசிக்கொண்டு நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. நம் இராமகாதையையும் ஜப்பானியர் இந்தியக் கலைஞருடன் கூடி அனிமேயாக ஆக்கியுள்ளனர். யூகோ சாகோ என்பவரின் முயற்சியால் உருவான அப்படம் 1993இல் வெளிவந்தது. 2025 சனவரியில் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் திரையிடப்பட்டது.

இவ்வாறு சொற்கள் மீண்டும் வருகின்றன. இம்முறை துப்பாக்கி முனையில் அல்ல. பிள்ளைகளின் விருப்பத்தால் வருகின்றன. விருப்பத்தால் வருவதைத் தடுக்க வேண்டுவதில்லை, நெறிப்படுத்தினால் போதும்.

வீட்டில் வழங்கும் சொற்கள்

ஜப்பானியப் பிள்ளை காலையில் எழுந்ததும், "ஒஹயோ கொஸைமஸ்" என்று வணங்குவான். 'ஒஹயோ' என்பதன் உள்ளே, 'சீக்கிரம்' என்னும் பொருள் தரும் சொல் அடங்கியுள்ளது. பகலில், "கொன்னிச்சிவ", மாலைக்குப்பின், "கொம்பன்வ", உறங்கப் போகுமுன், "ஒயசுமி நஸை". நன்றி கூற, "அரிகத்தோ கொஸைமஸ்". பிழை பொறுக்க வேண்ட, "கொமென் நஸை". ஒருவரை இடைமறித்துக் கேட்கும்போதும், வழிவிடச் சொல்லும்போதும், "ஸுமிமஸென்" என்பர். ஆம் என்பது 'ஹை'. இல்லை என்பது 'ஈயெ'. "தைஜோபு" என்றால் 'ஒன்றுமில்லை, நலமே' என்பது கருத்து.

உண்ணுமுன் கைகுவித்து, "இத்ததக்கிமஸ்" என்பர். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். உண்டபின், "கொச்சிஸோஸம" என்று விருந்தளித்தவர்க்கு நன்றி கூறுவர். அரிசிச் சோற்றின் அருமை அறிந்த மக்களின் பழக்கம் இது. ஜப்பானியத்தில் 'கொஹன்' என்னும் ஒரே சொல் சோற்றையும் குறிக்கும், உணவையும் குறிக்கும். நாமும், "சோறு சாப்பிட்டாயா?" என்றுதானே ஒருவரை நலம் வினவுகிறோம்!

இனி, எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன். வீட்டைவிட்டுப் புறப்படும் ஜப்பானியப் பிள்ளை, "இத்தெக்கிமஸ்" என்பான். அதனைப் பிரித்துப் பார்த்தால், 'போய்' என்றும் 'வருகிறேன்' என்றும் இரு பகுதிகள் உள்ளன. அப்படியே நம், "போய் வருகிறேன்" என்பதேயன்றோ! தமிழர் இல்லத்தில், "போகிறேன்" என்று சொன்னால் தாய் முகம் சுளிப்பாள். "போயிட்டு வர்றேன் என்று சொல்" எனத் திருத்துவாள். ஜப்பானியத் தாயோ, "இத்தெரஷ்ஷை" என்பாள். 'போய் வா' என்பது அதன் பொருள். திரும்பி வந்த பிள்ளை, "ததைம" (இதோ வந்துவிட்டேன்) என்பான். வீட்டிலுள்ளோர், "ஒக்கயெரி" (வந்தாயா, வா) என வரவேற்பர்.

உழைப்பாளப் பெருமக்களுக்கு உவப்பான சொல்லும் ஒன்று உண்டு. வேலை முடிந்து கலையும்போது ஒருவரையொருவர் நோக்கி, "ஒத்ஸுக்கரெஸம" என்பர். 'களைத்திருப்பீர்கள், உம் உழைப்புக்கு நன்றி' என்பது அதன் உட்கருத்து. அன்றைய தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நம்மவர்க்கு 'பங்கோ'வும் 'கொர'வும் கிடைத்தனவே தவிர, இச்சொல் கிடைக்கவில்லை. தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவனுக்கும், "கம்பத்தெ" என்பர். 'விடாமல் முயல்க' என்பது பொருள்.

முறைப்பெயரும் மரியாதையும்

பெயருக்குப்பின் 'ஸன்' சேர்ப்பது பொது மரியாதை. 'ஸம' என்பது மிக உயர்ந்த மரியாதை. கடவுளுக்கும் வாடிக்கையாளருக்கும் வழங்கும். 'ச்சன்' என்பது குழந்தைகளிடத்தும் செல்லமாகப் பழகுவோரிடத்தும் வரும். 'குன்' பெரும்பாலும் சிறுவர்க்கு உரியது. தம் பெயருக்குத் தாமே 'ஸன்' சேர்த்துக்கொள்ளுதல் பிழையாகும். ஆசிரியரையும் மருத்துவரையும் 'ஸென்ஸே' என்பர். பள்ளியில் நமக்கு மூத்த மாணவர் 'ஸென்பை', இளையவர் 'கோஹை'.

அண்ணனை 'ஒனீஸன்' என்றும், அக்காளை 'ஒனேஸன்' என்றும் அழைப்பர். உறவில்லாத பெரியவரையும் 'ஒஜிஸன்' (மாமா), 'ஒபஸன்' (அத்தை) என்று முறைவைத்து அழைப்பது அவர் வழக்கம். லயத்தில் எதிர்வீட்டாரை மாமா, சித்தி என்றழைத்து வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

குறிலும் நெடிலும்

மாணவர்களே, ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். 'ஒஜிஸன்' என்றால் மாமா. 'ஒஜீஸன்' என நீட்டினால் தாத்தா. 'ஒபஸன்' என்றால் அத்தை. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஓர் எழுத்தை நீட்டியதால் அத்தை பாட்டியாகிவிடுகிறாள்! தமிழிலும் 'கல்' வேறு, 'கால்' வேறு அன்றோ? குறில் நெடில் வேறுபாடு பிறமொழியினர் பலர்க்கு இடர் தருவது; தமிழ்ப் பிள்ளைக்கோ அது முதலாம் ஆண்டிலேயே கைவந்த கலை.

அவர்தம் உயிரெழுத்துகளின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்பதாகும். மெய்யெழுத்து வரிசைகளோ க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்கின்றன. இதில் 'ஹ' வரிசை முற்காலத்தில் 'ப' என ஒலிக்கப்பட்டது. அதனை மாற்றிப் படித்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ! நம் நெடுங்கணக்கின் முறையே அங்கு நிற்பதைக் காண்பீர்கள். இது தற்செயலன்று. பௌத்த சமயத்தோடு ஜப்பான் சென்ற இந்திய எழுத்து முறையின் செல்வாக்கால் அவ்வரிசை அமைந்தது. 736இல் ஜப்பான் சென்ற போதிசேனர் என்னும் இந்தியத் துறவியே, 752இல் நாரா நகரின் பெரிய புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் சடங்கை நிகழ்த்தினார்.

இது, உது, அது, எது

ஜப்பானியர், தம் அருகில் உள்ளதைக் 'கொரெ' என்பர். கேட்போர் அருகில் உள்ளதை 'ஸொரெ' என்பர். இருவர்க்கும் சேய்மையில் உள்ளதை 'அரெ' என்பர். வினவும்போது 'தொரெ' என்பர். பழந்தமிழில் இது, உது, அது, எது என நான்கும் இருந்தன. நாம் 'உது'வை மறந்தோம். யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் பேச்சில் வழங்குகின்றனர்.

தொடரமைப்பும் நமக்கு எளிதே. "வதஷி வ கொஹன் ஒ தபெமஸ்" என்பது "நான் சோற்றை உண்கிறேன்" என்பதாகும். எழுவாய் முன்னும், செயப்படுபொருள் இடையிலும், வினை இறுதியிலும் நிற்கின்றன. 'ஒ' என்பது நம் 'ஐ' உருபு போன்று பெயருக்குப் பின் வருகிறது. இறுதியில் 'கா' என்று சேர்த்தால் வினாவாகிவிடும். நாம் 'ஆ' சேர்ப்பது போல. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் கற்போர் சொல்வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டியுள்ளது. தமிழ் வழியாகக் கற்போர்க்கு அத்தொல்லை இல்லை.

இவ்வொற்றுமைகளைக் கண்டு வியந்த ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு (1919–2008), ஜப்பானியத்திற்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். தமிழகத்துப் பொற்கோவும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி இணையரும் அவ்வாய்வில் துணைநின்றனர். எனினும், மொழியியலாளருள் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. ஆகவே, "ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது" என்று மேடையில் முழங்குவது முறையன்று. அமைப்பில் ஒத்திருக்கிறது, கற்க எளிதாயிருக்கிறது. அவ்வளவில் நிறைவு கொள்வோம்.

இரட்டைக்கிளவி

சலசல, கடகட, மினுமினு என்னும் இரட்டைக்கிளவிகளை இலக்கண வகுப்பில் கற்கிறீர்கள். ஜப்பானியர் பேச்சிலும் இவை மிகுதி. விண்மீன் 'கிரகிர' என்று மின்னும். இடி 'கொரொகொரொ' என்று உருளும். நெஞ்சு 'தொகிதொகி' என்று அடித்துக்கொள்ளும். பசித்த வயிறு 'பெகொபெகொ' எனும். நாய் 'வன்வன்' என்று குரைக்கும். சித்திரக் கதையின் ஓரங்களில் பெரிய எழுத்தில் காணப்படுவன பெரும்பாலும் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களே. அடுத்த முறை படிக்கும்போது அவற்றிற்கு ஈடான தமிழ்ச் சொல்லை எண்ணிப் பாருங்கள். இரு மொழியும் வளரும்.

விலக்க வேண்டுவன

சித்திரப்படத்தில் வீரர்கள் பேசுவதெல்லாம் வீட்டில் பேசத் தக்கதன்று. 'ஒமயெ', 'கிஸம' என்பன எதிரியை நோக்கி 'அடே' என்பது போன்ற சொற்கள். 'ஒரெ' என்பது ஆண்கள் தம்மைக் குறிக்கும் முரட்டுச் சொல். பெரியோர்முன் 'வதஷி' என்பதே பணிவு. 'பக்க' என்பது நண்பர்க்கிடையே விளையாட்டாக வழங்கினும், பிறர்க்கு இழிவே. ஒரு மொழியின் வசையை முதலிலும் வணக்கத்தைக் கடைசியிலும் கற்பது நற்பழக்கமாகாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை அனிமே பார்க்கிறான் என்று சினந்து பெட்டியை அணைப்பதற்குமுன், "இன்று என்ன சொல் கற்றாய்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வு ஐந்து படிகளாக நடத்தப்படுகிறது. கடைநிலைப் படி தொடக்க நிலையினர்க்கு உரியது. விருப்பமுள்ள பிள்ளைக்கு இது பின்னாளில் கல்விக்கும் வேலைக்கும் வழிகாட்டலாம். ஆயின் தமிழும் மலாயும் ஆங்கிலமும் செம்மையாக அமைந்தபின் இது மேலும் ஓர் அணியாகட்டும்; அவற்றிற்கு மாற்றாக வேண்டா.

முடிவுரை

ஷா ஆலமில் 'போன் ஒதொரி' என்னும் ஜப்பானிய நடன விழா நடைபெற்று வருகிறது. 'ஒதொரி' என்றால் நடனம். ரஜினிகாந்த் நடித்த 'முத்து' படம் 1998இல் ஜப்பானில் ஓடியபோது, அதற்கு இட்ட பெயரிலும் 'ஆடும்' என்னும் பொருளில் 'ஒதொரு' என்னும் சொல் இருந்தது. ஜப்பானில் அவ்விழா இறந்த முன்னோரை நினைந்து எடுக்கப்படுவதாகும். ஆண்டுக்கொருமுறை முன்னோர் வீடு திரும்புவர் என்பது அவர் நம்பிக்கை.

அதனை எண்ணும்போதெல்லாம் என் பாட்டனார் சொன்ன ஒரு செய்தி நினைவுக்கு வரும். அவருடைய தமையனார் சயாமுக்கு ஏற்றப்பட்ட நாளில், லயத்து வாசலில் நின்று தாயிடம், "போய் வருகிறேன்" என்றாராம். அவர் வரவில்லை. "அவனைக் கூட்டிச் சென்றவர்களுக்கும் அப்படி ஒரு சொல் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது" என்று பாட்டனார் கூறவில்லை. அவர் அதனை அறியாமலே மறைந்தார். பல ஆண்டுகளுக்குப்பின், 'இத்தெக்கிமஸ்' என்பதன் பொருளை ஒரு நூலில் கண்டபோது நான்தான் அவ்வாறு எண்ணி நெடுநேரம் வாளா இருந்தேன்.

சிற்றுண்டிச்சாலையில் கண்ட அவ்விரு மாணவரையும் மறுநாள் அழைத்து, இக்கதையைச் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பள்ளி முடிந்து பேருந்தில் ஏறும்போது, அவர்களுள் ஒருவன் படியில் நின்று திரும்பி, "இத்தெக்கிமஸ், சார்!" என்றான். "இத்தெரஷ்ஷை, போய் வா தம்பி" என்றேன்.

மறுநாட் காலை அவன் வந்தான்.